நிலத்தடிக் குழாய்களும் பற்றவைப்பு நெறிகளும்

'பற்றாசு' என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. முறிந்த பொன்னையும் செம்பையும் ஒன்றுசேர்க்கும் பொருட்டுக் கொல்லன் இடையே இடும் பொடியை அச்சொல் குறித்தது. பின்னாளில் 'பற்றுக்கோடு', 'துணை' என்னும் பொருளுக்கும் அது விரிந்தது. இன்று நம் பட்டறைகளில் வழங்குவது 'வெல்டிங்' என்னும் சொல்லே. கலைச்சொல் நூலார் அதனைப் 'பற்றவைப்பு' என்பர். எனினும் பற்றாசு வைத்தலும் பற்றவைப்பும் ஒன்றல்ல என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். பற்றாசில் இரு பொருள்களுக்கு இடையே எளிதில் உருகும் மூன்றாவது உலோகம் ஒன்று புகுந்து அவற்றை ஒட்டவைக்கிறது. பற்றவைப்பிலோ இரு இரும்பு விளிம்புகளும் தாமே உருகி, நிரப்பும் உலோகத்தோடு கலந்து, ஆறி, ஒரே உடலாகின்றன. இரண்டு என்னும் நிலையே அங்கு மறைந்துவிடுகிறது, மறைய வேண்டும். அவ்வாறு மறைந்ததா இல்லையா என்பதை அறிவதற்காக எழுந்தவையே இக்கட்டுரையில் நாம் காணப்போகும் நெறிமுறைகள்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் குழாய் பற்றவைக்கும் தொழிலுக்கு என்ன இடம் என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். குரும்பலூர், லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றிருக்கும் இளைஞர்களை எண்ணிப் பார்த்தால் அவ்வினா எழாது. நம் மாணவர் பலருடைய அண்ணன்மாரும் மாமன்மாரும் பாலைவெளியில் குழாய் பற்றவைத்து அனுப்பிய பணத்தில் கல்லூரிக் கட்டணம் செலுத்தப்படுகிறது. அவர்கள் தொலைபேசியில் பேசும்போது 'ஆறு ஜி', 'ரூட்', 'எக்ஸ்ரே', 'ரிப்பேர்' என்னும் சொற்கள் வந்து விழுகின்றன. மகன் வெல்டர் வேலை பார்க்கிறான் என்று அறிந்த தாய்க்கு, அவன் எதனால் தேர்கிறான், எதனால் திருப்பி அனுப்பப்படுகிறான் என்பது தெரிவதில்லை. மற்றொருபுறம், நம் வட்டார உழவர்தம் நிலத்தடியில் ஓடும் குழாயைப் பற்றியும் நாம் அறிந்தது சிறிதே. இவ்விரு சாராருக்காகவும் இதனை எழுதப் புகுந்தோம்.

நம் பக்கத்துக் குழாய்

இந்தியன் ஆயில் நிறுவனம் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியே மதுரைக்குப் பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லும் குழாய்வழியை 2005-ஆம் ஆண்டில் இயக்கத்திற்குக் கொண்டுவந்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலுள்ள ஆசனூரிலிருந்து சங்ககிரிக்குப் பிரியும் கிளையையும் சேர்த்து அதன் நீளம் 683 கிலோமீட்டர். வடக்கே ஆசனூருக்கும் தெற்கே திருச்சிராப்பள்ளிக்கும் இடையில்தான் நம் பெரம்பலூர் வட்டாரம் அமைந்துள்ளது என்பதை நிலப்படம் அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை இயற்கை எரிவாயுவைக் கொண்டுசெல்லும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஒரு பகுதியான இராமநாதபுரம் – தூத்துக்குடி வழி, 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரி 17-ஆம் நாள் நாட்டுக்கு அளிக்கப்பட்டது.

எஃகுக் குழாய் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு எண்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள் வேண்டும். 683 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 57,000 இணைப்புகள். ஆயிரத்தில் ஒன்று பழுதென்று கொண்டாலும் 57 இடங்களில் ஆபத்து உறங்கும். குழாய் முழுவதும் நன்றாயிருந்து ஓர் இணைப்பு மட்டும் கெட்டாலும் குழாய் கெட்டதாகவே பொருள். இக்கணக்கை மனத்திற்கொண்டால், நெறிமுறைகள் ஏன் மில்லிமீட்டரின் பின்னம் வரை இறங்கிப் பேசுகின்றன என்பது விளங்கும்.

குழாயினுள் இருக்கும் அழுத்தத்தையும் ஈண்டுக் கருதுக. 457 மில்லிமீட்டர் விட்டமும் 6.4 மில்லிமீட்டர் கனமும் கொண்ட, எக்ஸ் 65 என்னும் தர எஃகாலான குழாயை எடுத்துக்கொள்வோம். 65 என்பது, சதுர அங்குலத்திற்கு 65,000 பவுண்டு இழுவிசை வரை அவ்வெஃகு நிலையாக நெகிழ்ந்துவிடாமல் தாங்கும் என்பதன் குறி. அவ்வெல்லையில் நூற்றுக்கு 72 பங்கை மட்டுமே பயன்கொள்ளலாம் என்பது மக்கள் அரிதாக வாழும் வெளிகளுக்கான விதி. அதன்படி இக்குழாய் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 92 கிலோ அழுத்தம் வரை ஏற்கும். மகிழுந்தின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இது நாற்பது மடங்குக்கும் மேல். மக்கள் நெருங்க நெருங்க 72 என்னும் பங்கு 60, 50, 40 எனக் குறைக்கப்படும். அதாவது, அடுக்கு மாடிகள் நிறைந்த நகரின் நடுவே இதே அழுத்தத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் குழாயின் கனம் 11.5 மில்லிமீட்டருக்கு உயர வேண்டும். எரிவாயுக் குழாய்க்கான இவ்விதி குடியிருப்பின் அடர்த்தியை அளந்து எஃகின் கனத்தை முடிவு செய்கிறது. ஊர் பெருகியபின் பழைய குழாயின் நிலை என்ன என்னும் கேள்வியும் இதனுள்ளே அடங்கியிருக்கிறது.

நெறிகளின் பிறப்பு

1865-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் வான் சைக்கெல் என்பார் இரண்டு அங்குலக் குழாயை ஐந்து மைல் தொலைவுக்குப் பதித்து எண்ணெய் கொண்டுசென்றார். அக்குழாய்கள் திருகுமரையால் இணைக்கப்பட்டவை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942–43-இல், டெக்சாசிலிருந்து கிழக்குக் கரைக்கு 24 அங்குலக் குழாய் பதிக்கப்பட்ட காலத்தில் மின்வில் பற்றவைப்பு இத்துறையில் உறுதியாக நிலைபெற்றிருந்தது. நம் நாட்டில் அசாமின் நகர்கட்டியாவிலிருந்து பரௌனி வரை சென்ற கச்சா எண்ணெய்க் குழாய் 1960-களின் முற்பகுதியில் அமைந்தது.

குழாய் பெருகவே, எது நல்ல இணைப்பு என்பதில் ஆளுக்கொரு கருத்து நிலவியது. 1919-இல் தோன்றிய அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 1953-இல் 1104 என்னும் எண்ணுடைய நெறிநூலை வெளியிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்ட அந்நூலையே தொழிலாளர் 'ஏ.பி.ஐ. ஆயிரத்து நூற்று நான்கு' என்பர். குழாய் எஃகுக்கு அதே நிறுவனத்தின் 5 எல் நெறியும், வடிவமைப்புக்கு அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி 31.4, பி 31.8 நெறிகளும் உள்ளன. முன்னது எண்ணெய்க்கும் பின்னது எரிவாயுவுக்கும் உரியன. நம் நாட்டில் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 141, 226 ஆம் எண் நெறிகளும், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் இவற்றைத் தழுவி, சில இடங்களில் இவற்றினும் கடுமையாக அமைந்துள்ளன. சவூதி அராம்கோ போன்ற நிறுவனங்கள் இவற்றுக்கு மேல் தம் சொந்த விதிகளையும் வைத்திருக்கின்றன. ஆதலின் ஒரு நாட்டில் தேறியவர் மற்றொரு நாட்டில் மீண்டும் தேர்வெழுத நேர்வது வியப்பன்று.

எழுதிய பின்பே எரிதல்

இந்நெறிகளின் முதற்கொள்கை, செய்முறையை முன்னரே எழுதி வைத்து மெய்ப்பிக்காமல் களத்தில் ஓர் இணைப்பும் செய்யலாகாது என்பது. எஃகின் தரம், விட்டம், கனம், விளிம்பின் சரிவு, இடைவெளி, மின்வாயின் வகை, மின்னோட்டம், பற்றவைக்கும் திசை, ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே கழியும் நேரம் ஆகிய அனைத்தும் தாளில் எழுதப்படும். அதன்படி ஓர் இணைப்பைச் செய்து, துண்டு துண்டாக வெட்டி, இழுத்தும் வளைத்தும் முறித்தும் பார்ப்பர். தேறினால்தான் அத்தாள் உயிர்பெறும். பின்னர் இவற்றுள் இன்றியமையாதவை எனக் குறித்த ஒன்றை மாற்றினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பற்றவைப்பதாக எழுதிவிட்டுக் கீழிருந்து மேலாகச் செய்தால், இணைப்பு எவ்வளவு அழகாயிருப்பினும் அது செல்லாது. அனுபவம் மிக்க கைவினைஞருக்கு இது எரிச்சலூட்டும். ஆயினும் 57,000 இணைப்புகளைப் பல நூறு கைகள் செய்யும்போது, ஒருவருடைய கைப்பழக்கத்தை மட்டும் நம்புதல் இயலாது என்பதே நம் கருத்து.

களத்தில் நடப்பதைக் காண்போம். இரு குழாய்களின் விளிம்புகளும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் சீவப்பட்டு, அடியில் 1.6 மில்லிமீட்டர் அளவு தட்டையான மூக்கு விடப்பட்டிருக்கும். இரண்டையும் நேர்செய்து, பெரும்பாலும் அதே அளவு இடைவெளிவிட்டு, கவ்வியால் பிடிப்பர். கவ்வி வெளிப்புறத்ததாயின், சுற்றளவில் பாதிக்கேனும் அடித்தையல், இடைவிட்டுச் சமமாகப் பரவி, முடிந்த பின்னரே அதனைக் கழற்றலாம். இல்லையேல் குழாயின் எடையே இளஞ்சூட்டில் இருக்கும் மெல்லிய தையலைக் கிழித்துவிடும்.

முதல் அடுக்கு 'ரூட்' எனப்படும். வேர் என்று தமிழாக்கினாலும் பிழையில்லை, ஏனெனில் மற்றவை அனைத்தும் அதன்மேல் நிற்கின்றன. பெரிய குழாயில் இருவர் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று உச்சியில் தொடங்கி அடிவரை இறங்குவர். கடிகார முகப்பை நினைவிற்கொண்டால், 12-இல் தொடங்கி 6-இல் முடிப்பர். 6-ஆம் இடத்தில் வெல்டர் தரையில் படுத்து, மேல்நோக்கி, உருகிய இரும்பு தன் முகத்தின் மேலே தொங்க வேலை செய்கிறார். பழுதுகள் மிகுதியாகத் தோன்றும் இடமும் அதுவே.

இவ்வேருக்குப் பெரும்பாலும் இ 6010 என்னும் மின்வாயைப் பயன்படுத்துவர். தொழிலாளர் வழக்கில் 'ராடு'. 60 என்பது சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு இழுவலிமை. அடுத்த 1 என்பது எந்நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதன் குறி. இறுதி இலக்கம் மேற்பூச்சின் வகையைக் காட்டும். இதன் பூச்சில் தாவர நார்ப்பொருளான செல்லுலோஸ் உண்டு. அது எரியும்போது எழும் வாயு மின்வில்லுக்குக் குடையும் ஆற்றல் தருகிறது. இடைவெளியினூடே புகுந்து உட்புறம்வரை உருக்குவதற்கு அவ்வாற்றல் வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பட்டறையில் பயின்ற இளைஞர், ராடு ஈரமின்றி இருக்க வேண்டும் என்று கற்றிருப்பார். இ 7018 வகைக்கு அது முற்றிலும் பொருந்தும். அதனைச் சூட்டடுப்பில் வைத்தே எடுக்க வேண்டும். ஆனால் 6010-க்குச் சிறிது ஈரம் வேண்டும். நன்மை செய்வதாக எண்ணி அதனையும் அடுப்பிலிட்டு வாட்டினால் மின்வில்லின் இயல்பு கெட்டுப் பழுதுதான் மிஞ்சும். ஒரு ராடுக்கு உரிய அறிவு மற்றொன்றுக்குப் பகையாதலை நம் மாணவர் ஐ.டி.ஐ. வகுப்பிலேயே கேட்டறிதல் நலம்.

செல்லுலோஸ் ராடு தரும் வசதிக்கு ஒரு விலையும் உண்டு. அதன் வாயுவிலுள்ள ஹைட்ரஜன் உருகிய இரும்பினுள் கரைந்துவிடுகிறது. எஃகு விரைந்து ஆறினால் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. அதன்மேல் இழுவிசையும் சேர்ந்தால், அகப்பட்ட ஹைட்ரஜன் மெல்ல மெல்ல விரிசலை உண்டாக்குகிறது. இவ்விரிசல் அப்போதே தோன்றாது. மாலையில் நன்றாயிருந்த இணைப்பு மறுநாள் விடியலில் வெடித்திருக்கக் கூடும். ஆகவேதான் பற்றவைக்குமுன் குழாயை வாயுச்சுடரால் வெதுப்புதலும், வேர் ஆறுமுன் அடுத்த அடுக்கான 'ஹாட் பாஸ்' என்னும் சூட்டடுக்கை இடுதலும், இடையிலே எத்தனை நிமிடம் செல்லலாம் என வரையறுத்தலும் வந்தன. தேநீர் குடிக்கப் போவதாயினும் சூட்டடுக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று மேற்பார்வையாளர் கடிந்துகொள்வதன் உட்பொருள் இதுவே. பிறகு நிரப்பும் அடுக்குகளும், இறுதியாக மூடும் அடுக்கும் வரும். மூடும் அடுக்கு குழாயின் மேற்பரப்புக்குத் தாழவும் கூடாது, 1.6 மில்லிமீட்டருக்கு மேல் உயரவும் கூடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் கசடு முற்றும் நீக்கப்பட வேண்டும். காற்று, மழை, மணற்புயல் இணைப்பைக் கெடுக்குமாயின் வேலை நிறுத்தப்பட வேண்டும். நம் ஆடிக்காற்றுக்கும் இது பொருந்தும். இணைப்பின் பள்ளத்திலன்றிக் குழாயின் மேனியில் ராடைத் தட்டிப் பொறி எழுப்புதலும் குற்றமே. அப்புள்ளியில் எஃகு கடினப்பட்டு விரிசலுக்கு வித்தாகும்.

கைத்திறத் தேர்வு

செய்முறை தேறியது போலவே செய்பவரும் தேற வேண்டும். குழாய் கிடையாகக் கிடந்து சுழலுமாயின் 1 ஜி. செங்குத்தாக நிற்பின் 2 ஜி. கிடையாக, அசையாமல் இருப்பின் 5 ஜி. 45 பாகை சாய்ந்து அசையாதிருப்பின் 6 ஜி. ஆறாவதில் எல்லா நிலைகளும் ஒருங்கே வருவதால் அதில் தேறியவருக்கு மதிப்பு மிகுதி. இது வேறு நெறிநூலின் வழக்காயினும் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இதுவே ஆட்சி செய்கிறது.

ஏ.பி.ஐ. 1104 தேர்வில் பன்னிரண்டே முக்கால் அங்குலத்திற்கு மேற்பட்ட குழாயாயின் இணைப்பிலிருந்து 12 துண்டுகள் வெட்டி எடுக்கப்படும். சில இழுக்கப்படும், சில லாட வடிவில் வளைக்கப்படும். வளைத்த துண்டில் 3 மில்லிமீட்டருக்கு மேலோ, கனத்தில் பாதிக்கு மேலோ, இவ்விரண்டுள் எது சிறிதோ அதற்கு மேல் விரிசல் திறக்கலாகாது. நாம் மிகவும் நேர்மையானது என்று கருதுவது கீறல் முறிவுச் சோதனையை. துண்டின் இருபுறமும் இணைப்பின் நடுவே இரும்பறுக்கும் வாளால் கீறி, சம்மட்டியால் அடித்தோ இழுத்தோ முறிப்பர். முறிந்த முகத்தில் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். காற்றுக்குழி 1.6 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. குழிகளின் மொத்தப் பரப்பு நூற்றுக்கு 2-ஐத் தாண்டக் கூடாது. மேலே எவ்வளவு அழகாக மீன்செதில்போல் வரிவரியாய் இட்டிருந்தாலும், உள்ளே கசடு கிடந்தால் அது அங்கே பல்லிளிக்கும்.

நிறுவனம் விரும்பினால் வெட்டுவதற்கு மாற்றாகக் கதிர்ப்படம் எடுத்தும் தேர்வு நடத்தலாம். ஆனால் படம் எடுத்து, நல்ல பகுதி எது, கெட்ட பகுதி எது என்று கண்டுகொண்டு, அவ்விடத்துத் துண்டை வெட்டிச் சோதித்து ஒருவரைத் தேர்ச்சி பெறச் செய்தலோ வீழ்த்துதலோ கூடாதென அந்நூல் தடுக்கிறது. தேர்வாளரின் விருப்பு வெறுப்புகளை முன்னுணர்ந்து எழுதிய விதி இது. மற்றொன்றும் உண்டு. தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஒருவர் தவறினார் எனத் தேர்வாளர் இசைந்தால் மறுவாய்ப்பு அளிக்கலாம். அவ்வாறன்றித் தவறியவர், மேலும் பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்டிய பின்னரே மீண்டும் தேர்வுக்கு வரலாம்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். இத்தேர்ச்சி குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட செய்முறைக்கு உரியது. 1950-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேறிய திருவெறும்பூர் வெல்டர், தொழிலில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும் குழாய்வழியில் மேலிருந்து கீழிறங்கும் முறையை அவர் புதிதாய்ப் பழக வேண்டியிருக்கும். எனவே சில வாரங்களில் 'உலகம் முழுதும் செல்லும் சான்றிதழ்' தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்போரிடம், எந்த நெறிநூல், எந்த நிலை, எந்த ராடு, எத்தனை துண்டுச் சோதனை என்று கேட்பது பெற்றோர் உரிமை. விடை தெரியாதவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தல் தகாது. நமக்கு அண்மையிலேயே, 1975-இல் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவன வளாகத்தில் அமைக்கப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. இத்துறையில் நாடறிந்த அந்நிறுவனம் இருக்கும் ஊருக்குப் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் நாம் வாழ்கிறோம்.

கதிரும் படமும்

முடிந்த இணைப்பின் உள்ளே பார்க்கக் கதிர்ப்படம் எடுப்பர். எக்ஸ் கதிர்க் கருவி, அன்றேல் இரிடியம் 192 என்னும் கதிரியக்கப் பொருள் பயன்படும். அதன் அரைவாழ்வு 74 நாள். இரும்பை ஊடுருவும் கதிர் மனித உடலையும் ஊடுருவும். எனவே 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டின் கீழ், பயிற்சி பெற்றவர் மட்டும், கயிறு கட்டி எல்லை வகுத்து, பெரும்பாலும் ஆளரவமற்ற வேளையில் இதனைச் செய்வர். கயிற்றைத் தாண்டி வேடிக்கை பார்க்கப் போகாதிருத்தல் நம் கடன்.

படத்தில் தோன்றும் ஒவ்வொரு நிழலுக்கும் எல்லை உண்டு. வேர் உட்புறம் வரை எட்டாத குறை 25 மில்லிமீட்டருக்கு மேற்படின் தள்ளுபடி. அதனினும் சிறியவை பல இருந்து, 300 மில்லிமீட்டர் நீளத்திற்குள் அவற்றின் கூட்டுத்தொகை 25-ஐத் தாண்டினும் தள்ளுபடி. தனிக்காற்றுக்குழி 3 மில்லிமீட்டரையோ கனத்தில் நாலில் ஒன்றையோ தாண்டலாகாது. விரிசலுக்கு மட்டும் மன்னிப்பு ஏறத்தாழ இல்லை. ராடை எடுத்த இடத்துக் குழியில் தோன்றும் 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மேலோட்டமான நட்சத்திர விரிசல் ஒன்றே விலக்கு. இவ்வேற்றத்தாழ்வுக்குக் காரணம் வெளிப்படை. குழி உருண்டையானது, அழுத்தம் அதைச் சுற்றிப் பரவிவிடும். விரிசலின் நுனி கூர்மையானது. அழுத்தம் முழுதும் அந்நுனியில் குவிந்து அதை மேலும் முன்தள்ளும்.

அமெரிக்க நெறியில் எரிவாயுக் குழாய்க்கு ஆளில்லா வெளியில் நூற்றுக்குப் பத்து இணைப்புகளையும், மக்கள் மிக நெருங்கிய இடத்தில் எழுபத்தைந்தையும் சோதித்தால் போதுமானது. நம் நாட்டு விதி அனைத்தையும் சோதிக்கச் சொல்கிறது. இவ்விடத்தில் நம் விதி மேலானது என்றே சொல்வோம். இறுதியில் குழாயை நீரால் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தினும் கால்மடங்கோ அதற்கு மேலோ உயர்த்தி, மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பர். காற்றால் செய்யாமல் நீரால் செய்வது ஏனெனில், நீர் சுருங்குவதில்லை. குழாய் பிளந்தாலும் அழுத்தம் உடனே தணிந்துவிடும்.

சான் புரூனோ

இவையெல்லாம் தாளில் எழுதிய மிகைக்கவலை என எண்ணுவோர் 2010 செப்டம்பர் 9-ஆம் நாள் மாலை கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் நடந்ததை அறிய வேண்டும். குடியிருப்புத் தெருவின் அடியில் 1956-இல் பதித்த 30 அங்குல எரிவாயுக் குழாய் பிளந்தது. 28 அடி நீளமும் ஏறத்தாழ 3,000 பவுண்டு எடையும் கொண்ட துண்டு நூறு அடி தூரம் வீசியெறியப்பட்டது. எட்டுப் பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்த ஒன்றரை மணி நேரமானது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆய்ந்தபோது வெளிப்பட்டது இது: அவ்விடத்தில் முழுக்குழாய்க்கு மாறாகச் சிறு துண்டுகள் பல சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றின் நெடுக்குத் தையல் வெளிப்புறத்தில் மட்டும் பற்றவைக்கப்பட்டு, உட்புறம் விடுபட்டிருந்தது. கனத்தின் ஒரு பகுதியே உண்மையில் இணைந்திருந்தது. அக்குறை ஐம்பத்து நான்கு ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்தது. நிறுவனத்தின் ஏட்டிலோ அக்குழாய் 'தையலற்றது' என்று எழுதப்பட்டிருந்தது. இல்லாத தையலை எவர் சோதிப்பார்? பதித்த காலத்தில் நீரழுத்தச் சோதனை செய்திருந்தால் குறை அப்போதே வெளிப்பட்டிருக்கும் என்பதும் வாரியத்தின் முடிவு. இங்குக் கெட்டவை இரண்டு: ஒன்று பற்றவைப்பு, மற்றொன்று எழுத்து. இரண்டாவதே முதலாவதை மறைத்தது எனலாம். இன்று ஒவ்வோர் இணைப்புக்கும் எண் இட்டு, அதனைச் செய்த வெல்டரின் அடையாள எண்ணையும் படத்தின் எண்ணையும் சேர்த்துப் பதிவதன் அருமை இதனால் புலப்படும்.

மண்ணின் மேலுள்ளோர்

எனினும் பற்றவைப்பு ஒன்றே பாதுகாப்பு என்று கொள்ளலாகாது. 2014 ஜூன் 27-இல் ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டம் நகரம் என்னும் ஊரில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் ஈரவாயு சென்றமையால் ஏற்பட்ட உள்ளரிப்பே அங்குப் பேசப்பட்ட காரணம். 2017 ஜூன் 30-இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வயலில் கசிந்தது. மக்கள் போராட்டம் மூண்டது. நன்றாகப் பற்றவைத்த குழாயும் மேற்பூச்சு கெட்டால், அரிப்பைத் தடுக்கும் மின்காப்பு தளர்ந்தால், கண்காணிப்பு நின்றால் நைந்துபோகும்.

நிலத்துக்குரியவர் அறிய வேண்டிய சட்டம் 1962-ஆம் ஆண்டினது. அது நிலத்தை எடுப்பதில்லை. நிலத்தடியைப் பயன்கொள்ளும் உரிமையை மட்டும் எடுக்கிறது. பயிர், மரம் முதலியவற்றின் சேதத்திற்கு ஈட்டுத்தொகையும், உரிமைக்கென நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்தும் தர வேண்டும். பயிரிடலாம், வீடு கட்டுதல், கிணறு வெட்டுதல், மரம் நடுதல் கூடா. கொங்கு மாவட்டங்கள் வழியாகக் கொச்சி – பெங்களூர் எரிவாயுக் குழாய் செல்வதை எதிர்த்து உழவர்கள் போராடியதும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும் நினைவிருக்கும். ஒருமுறை தரும் பத்து விழுக்காடு, என்றென்றும் நீடிக்கும் தடைக்கு ஈடாகுமா என்னும் உழவர் வினாவை நாம் எளிதில் ஒதுக்க இயலவில்லை. ஆயின் குழாய் வந்துவிட்ட இடத்தில், அடையாளக் கல்லைப் பிடுங்காமலும் எந்திரத்தால் ஆழத் தோண்டாமலும் இருத்தல் உழவரின் உயிருக்கே காவல். மேலே மூடிய மண் பொதுவாக ஒரு மீட்டர் அளவே.

இறுதியாக, வளைகுடாவிலுள்ள நம்மவர் பெருமையோடு குறிப்பிடும் ஓர் இணைப்பைப் பற்றிச் சொல்வோம். தனித்தனியே நீரழுத்தச் சோதனை முடித்த இரு நீண்ட பகுதிகளைச் சேர்க்கும்போது, நடுவே அமையும் அவ்விணைப்பை மீண்டும் நீரால் சோதிக்க வழியில்லை. அதனைப் பொன்னிணைப்பு, அதாவது 'கோல்டன் ஜாயின்ட்' என்பர். கதிர்ப்படமும் ஒலியலைச் சோதனையும் மட்டுமே அதற்குச் சாட்சி. குழாய் பள்ளத்துள் இறங்கியபின், வெயிலால் நீண்டும் குளிரால் சுருங்கியும் இழுபடும் இரு முனைகளுக்கிடையே, ஆய்வாளர் அருகில் நிற்க, அதனைச் செய்ய வேண்டும். அதற்கெனப் பழுது குறைந்த பதிவுடைய வெல்டர் இருவரைப் பட்டியலில் தேடி அழைப்பர்.